வோல்ராட் கேட்ட காற்று

உடன் உழைத்தவன் காய்ச்சலில் விழுந்தால் அவனைக் கரையில் போட்டுவிட்டுப் போவீர்களா? மாட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பாய்க்கப்பல் காலத்தில், வடக்குக் கடலோரத்து விஸ்பித் துறைமுகத்தில் கப்பல் தலைவன் வோல்ராட் அதைத்தான் செய்யப் பார்த்தான். அதுவும், மாலுமிகளைக் காக்கும் புனித நிக்கோலாசுக்குத் தடித்த மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த கையோடு.

கெர்லாக் அந்தக் கப்பலின் சமையல்காரர். லூபெக் நகரில் பிறந்து, கஞ்சியும் கருவாடும் ஆக்கியே பாதி ஆயுளைக் கடலில் கழித்தவர். அடுப்பு நனையாமல் இருந்தால் அவருக்கு வேறு குறை கிடையாது. அன்று காலை, கப்பலில் பாய் கட்டும் டெட்லெஃப் துறைமேடையில் உப்பு மூட்டைகளுக்கு நடுவே நடுங்கிக் கிடப்பதைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“கடல் சட்டப்படி அவனுக்குத் தங்க வீடு, கப்பல் சாப்பாடு, ராத்திரிக்கு விளக்கு, பாத்துக்க ஒரு ஆள். இதுல எதக் குடுத்தீங்க, தலைவரே?”

“சாமிகிட்ட வேண்டிட்டு வந்திருக்கேன்யா. நீ போய்க் கஞ்சியக் கிண்டு.”

“சாமிக்கு வெளிச்சம், இவனுக்கு இருட்டா?”

வோல்ராட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அதே சட்டப்படி, துறையை விடுமுன் காற்று எப்படியென்று ஆட்களிடம் கேட்டே ஆகவேண்டும். பெரும்பாலோர் வேண்டாமென்ற பிறகும் கிளம்பிக் கப்பல் உடைந்தால், நட்டம் முழுவதும் தலைவன் தலையில்தான் விழும்.

அவர்கள் அடுத்துப் போகவேண்டிய ரெவால் துறைமுகத்துக்கு, அன்று வீசியதைவிட அருமையான காற்று வாய்க்காது.

“காத்து எப்படிப்பா?”

“மோசம்,” என்றார் கெர்லாக்.

சுக்கான் பிடிக்கும் எக்கார்ட் அண்ணாந்து பார்த்தான். ஒரு மேகம்கூட இல்லை. “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். மோசம்.”

“தொப்பியெல்லாம் பறக்குது, தலைவரே!” என்றான், தொப்பியே இல்லாத ஒருவன்.

வரிசையாக எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

“என்னங்கடா, விளையாடுறீங்களா? எப்பத்தான்டா இது நல்ல காத்தாகும்?”

“டெட்லெஃப் பக்கத்துல விளக்கு வச்ச உடனே,” என்றார் கெர்லாக்.

வோல்ராட் பல்லைக் கடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தான். மதில் ஓரத்து விதவை வெண்டெல் வீட்டில் அறை கிடைத்தது; நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் அவளே ஒப்புக்கொண்டாள். கெர்லாக் போய் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். உடனே எல்லோர் வாயிலும் காற்று நல்லதாகிவிட்டது.

ரெவாலிலிருந்து திரும்பி வந்தபோது டெட்லெஃப் கன்னம் உப்பித் துறையில் நின்றிருந்தான். “அண்ணே, வெண்டெல் வைக்கிற கஞ்சிதான் கஞ்சி!” என்றான். அந்த வருத்தம் ஒன்றைத் தவிர, கெர்லாக் கடைசிவரை நிம்மதியாகவே இருந்தார்.

அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. கரையில் கைவிடப்பட்டவர்களுக்காகக் கூட இருந்தவர்கள் சண்டை போட்டு வாங்கியது. எழுதி வைத்த பிறகும், கேட்க ஆள் இல்லாத இடத்தில் அது செத்த எழுத்துதான். ஆகவே உங்கள் வேலையிடத்தில் ஒருவர் படுத்துவிட்டால், மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் நீங்கள் வாயைத் திறங்கள்.