கப்பலை விட்டு இறங்காத கேப்டன்

பள்ளி நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த விண்வெளிக் கதையில் ஒரு கேப்டன் இருந்தார். எந்தக் கோளுக்குப் போனாலும் அவர் கலத்தை விட்டு இறங்கமாட்டார், மற்றவர்களைத்தான் அனுப்புவார். அது கோழைத்தனம் இல்லையா என்று அப்பாவிடம் கேட்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த அப்பா, "கேப்டனே எறங்கிப் போயிட்டா கப்பல யாருலா பாக்குறது?" என்று சிரித்தார். அது எனக்குப் பதிலாகப் படவில்லை. ஆனாலும் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. அடுக்குமாடியில் எட்டாவது மாடி வீடு. ஒரு சனிக்கிழமை காலை அம்மா கீரை வாங்கப் பசாருக்குக் கிளம்பினார். "பத்து நிமிஷத்துல வந்துடுவேன். வீட்ட விட்டு எங்கயும் போவாத. தங்கச்சியப் பாத்துக்க."

அம்மா லிப்டில் இறங்கியதும் வீடு விண்கலமானது. தங்கையின் தலையில் அரிசி களையும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, பத்தாவது மாடிக் கோளுக்கு அனுப்பினேன். "ஒரு கல்லக் கண்டுபிடி. அடுத்த கட்டள வர்ற வரைக்கும் நகராத." கதையில் கேப்டன் அப்படித்தான் சொல்வார். அவள் சல்யூட் அடித்துவிட்டுப் படியேறினாள்.

திரும்பி வரவில்லை.

இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உரக்கக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி அம்மாவிடம் சொல்லிவிடுவார். போய்ப் பார்க்கலாம் என்றால் கேப்டன் இறங்கக் கூடாது. வீட்டை விட்டுப் போகாதே என்று அம்மாவும் சொல்லியிருந்தார். தங்கையைப் பார்த்துக்கொள் என்று சொன்னதும் அதே அம்மாதான். ஒரு காலை வெளியே வைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டேன். மறுபடியும் வைத்தேன்.

அப்படி நிற்கும்போதே அம்மா வந்துவிட்டார்.

"சின்னவ எங்க?"

"மேல அனுப்பியிருக்கேன்."

கங்கோங் கீரை பையோடு கீழே விழுந்தது. அம்மா படியேறி ஓடினார். அப்போதுதான் நானும் ஓடினேன். பத்தாவது மாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, கூடை கண்ணை மறைக்க, கையில் கல்லோடு தங்கை விறைப்பாக நின்றிருந்தாள். "அடுத்த கட்டள வரவே இல்லலா," என்றாள் என்னிடம், கோபமாக.

இப்போது காலையில் என் மகளைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். மதியத்துக்குள் மூன்று முறை போன் செய்கிறேன். செய்தால் அவரை நம்பாததுபோல் ஆகுமோ, செய்யாவிட்டால் என்ன ஆகுமோ, தெரியவில்லை.

அன்று எனக்கு அடி விழவில்லை. அம்மா படியிலேயே உட்கார்ந்து தங்கையை மடியில் இறுக்கிக்கொண்டார். "ஒம்பது வயசுப் புள்ளைய நம்பி விட்டுட்டுப் போனேனே, விட்டுட்டுப் போனேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திட்டு எனக்குத்தான் என்று எண்ணி, நானும் "சாரிம்மா, சாரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்தனை முறை சொல்லியும் அவர் ஏன் என் பக்கம் திரும்பவே இல்லை என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.