சலாஹுதீன் போட்ட மார்க்

ஷார்ஜாவிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள், தைலம் கொண்டுவருவார்கள், கனத்த போர்வை கொண்டுவருவார்கள். சலாஹுதீன் ஏழு பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு ரிப்பேர் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அலுவலகங்கள் கழித்துப்போட்டதையெல்லாம் முதலாளி அவர் தலையில் அன்போடு கட்டிவிட்டார். ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. கார்கோவில் வந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த அவர் மனைவி ஹுமைரா, வேறு ஏதாவது அடியில் இருக்கிறதா என்று தெர்மாகோலைக்கூடத் தூக்கிப் பார்த்தாள்.

பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு தேங்காய் மண்டியின் மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தார். 2004ஆம் வருஷம். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்த காலம், கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருகிறவர்கள் பிளாப்பியோடு வைரஸையும் கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை எல்லா மெஷினும் படுத்துக்கொண்டது. பொறுத்துப் பார்த்த சலாஹுதீன், கடைசியில் ஏழிலும் விண்டோஸை அழித்துவிட்டு, அந்த வைரஸ்கள் அண்டாத லினக்ஸ் ஏற்றிவிடுவதென்று முடிவு செய்தார்.

அங்கேதான் அவருக்குப் பைத்தியம் பிடித்தது என்று ஹுமைரா சொல்வாள்.

லினக்ஸின் உள்ளே கெர்னல் என்று ஒரு மையப்பகுதி இருக்கிறது. அது மெஷின் கண்விழிக்கும் அந்தச் சில நொடிகளில் ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிட்டு விசாரிக்கும். ஏதாவது ஒரு பாகம் முறைத்துக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும். விசாரணை தொடங்குமுன்பே 'இதைக் கேட்காதே, அதைத் தொடாதே' என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் ஒருவழியாகச் சமாளித்துக்கொள்ளும். அந்த வரி மெஷினுக்கு மெஷின் வேறு. இரண்டாம் நம்பர் பாதியில் உறைந்து நின்றது. மின்சார நிர்வாகத்தைப் பற்றி அதனிடம் பேசவே கூடாது என்று கண்டுபிடித்தார். நான்காம் நம்பர் திரையை இருட்டாக்கிவிட்டு உள்ளே என்னமோ செய்துகொண்டிருந்தது. ஏழாம் நம்பர் தன்னிடம் இருக்கும் மெமரியைத் தப்பாக எண்ணியது. இவ்வளவுதான் உனக்கு என்று அதட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

"நாலாம் நம்பருக்கு என்ன புடிக்கலன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு" என்றார் ஒருநாள், சோற்றில் கையை வைத்தபடி.

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு" என்றாள் ஹுமைரா. "எனக்கு என்ன புடிக்காதுன்னு ஒரு நாளாவது இப்புடி ரோசன பண்ணிருக்கீங்களா?"

"உனக்கு மீன்ல புளி தூக்கலா இருந்தா புடிக்காது."

"அது உங்களுக்குங்க."

ஏழும் ஒழுங்காக எழுந்து நின்றதும் அவருக்கு அடுத்த ஆசை வந்தது. எது வேகம்? கெர்னலை அதன் மூல நிரலிலிருந்து புதிதாகக் கட்டச் சொல்லி, எந்த மெஷின் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்தார். ஒரு வார்த்தையை மாற்றுவார், மெஷினை அணைத்துப் போடுவார், திரும்ப அளப்பார். ஆறாம் நம்பர் ஆமையாக ஊர்ந்ததற்குக் காரணம் அவரே முன்பு பயந்து எழுதிய ஒரு வார்த்தை. பழுதான டிஸ்க் கேபிளை மாற்றிவிட்டு அந்த வார்த்தையை எடுத்ததும் அது எழுந்து ஓடியது. அன்றைக்கு அவர் கீழே மண்டிக்குப் போய், தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதோடு நின்றிருக்கலாம். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, அச்சடித்து, ஒவ்வொரு திரையின் தலையிலும் ஒட்டிவிட்டார். ஐந்தாம் நம்பருக்குத் தொண்ணூற்றிரண்டு. இரண்டாம் நம்பருக்கு முப்பத்தெட்டு.

மறுநாளிலிருந்து ஐந்தாம் நம்பருக்கு முன்னால் வரிசை நின்றது. மற்ற ஆறும் ஈயோட்டின.

"இது காலியாத்தானே இருக்குண்ணே" என்று தேங்காய் வியாபாரி துரைக்கண்ணுவை இரண்டாம் நம்பரில் உட்காரச் சொன்னார் சலாஹுதீன். துரைக்கண்ணுவின் மகன் சிங்கப்பூரில் இருந்தான். ஞாயிறுதோறும் அவனோடு பேச வருவார்.

துரைக்கண்ணு மார்க்கை அண்ணாந்து பார்த்தார். "பெயிலான மெஷினு பாய் இது. இதுல பேசுனா எம்மவன் என்ன நெனப்பான்?"

"அது பெயில் இல்லண்ணே. இந்த மார்க்கு கெர்னல் கட்டுறதுக்கு. நீங்க பேசப்போறது போன் லைன்ல. ஏழு மெஷினுக்கும் லைன் ஒண்ணுதான். எதுல உக்காந்தாலும் ஒரே வேகம்."

"அப்ப எதுக்கு மார்க்கு போட்டீங்க?"

சலாஹுதீன் தாள்களைக் கிழித்துப் பார்த்தார்.

தாள்களைக் கிழித்துப் பார்த்தார். ஊர் மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. ஐந்தாம் நம்பருக்காகக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு, வெள்ளிக்கிழமை காலை, ஜும்மாவுக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு காரியம் செய்தார். ஐந்தாம் நம்பரின் மெமரியில் கால்வாசிதான் இருக்கிறது என்று கெர்னலிடம் எழுதிக்கொடுத்தார். அளந்தார். போதாது, இன்னும் குறைத்தார். இரண்டாம் நம்பரைவிட அது பின்தங்கும்வரை விடவில்லை. வேகத்தைக் கூட்ட எவ்வளவு பாடுபட்டாரோ, குறைக்கவும் அவ்வளவு பாடுபட்டார்.

சாப்பாடு கொண்டுவந்த ஹுமைரா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா ஓடுற மாட்டுக்குக் கழுத்துல கட்டை கட்டுறீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை துரைக்கண்ணு காத்திருந்து ஐந்தாம் நம்பரைப் பிடித்தார். பேசி முடித்து, வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து, "பறக்குது பாய்!" என்றார்.

சலாஹுதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டம் குறையாததுகூடப் பரவாயில்லை. அளவைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

சித்திரை வெயில் ஏறியிருந்தது. ஹுமைரா ஒருநாள் படியேறி வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தாள். சீலிங் பேன் நடுவில். ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒட்டு இடம், காற்று எட்டாது.

"அந்த அஞ்சாம் நம்பரத் தூக்கி ஷீட்டுக்குக் கீழ வைங்க. ரெண்டாம் நம்பரு பேனுக்குக் கீழ வரட்டும்."

"அதுக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"வைங்களேன்."

வைத்தார். அடுத்த ஞாயிறு துரைக்கண்ணு ஷீட்டடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், துண்டால் பிடரியைத் துடைத்தார், எழுந்து பேனடிக்கு வந்துவிட்டார். "வேகமா பாய் முக்கியம்? மூச்சு விட வேணாமா?" அந்த வாரத்திலேயே வரிசை கலைந்தது. சண்டையும் ஓய்ந்தது.

யாரும் தொடாத ஐந்தாம் நம்பரின் கட்டை உடனே கழன்றது. மெமரி முழுவதையும் திருப்பிக் கொடுத்து, ஆள் குறைந்த மத்தியான வேளைகளில் சலாஹுதீன் அந்த வெக்கையில் தானே உட்கார்ந்துகொண்டார்.

ஆறேழு வருஷத்தில் கைக்குக் கை போன் வந்து சென்டரை மூட வேண்டியதாயிற்று. ஆறு மெஷின்களைப் பாபநாசம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். அவரவருக்கு உரிய வார்த்தைகளை எழுதிவைத்துவிட்டு வந்தும் மனம் கேட்காமல், மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் ஏதாவது முறைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவருகிறார். ஐந்தாம் நம்பரை மட்டும் வீட்டுக்குத் தூக்கிவந்து, பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

போன வாரமும் அணைத்துப் போட்டு அளந்துகொண்டிருந்தார். நன்னாரி சர்பத்தை நீட்டியபடி ஹுமைரா கேட்டாள்: "இன்னும் எவ்வளவு கொறையணும்?"

"ஒரு பத்து செகண்டு கொறஞ்சா நல்லாருக்கும்."

"அந்தப் பத்து செகண்ட வச்சு என்ன பண்ணுவீங்க?"

சலாஹுதீன் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"குடிச்சிட்டுச் சொல்லுங்க, ஐஸ் கரையுது" என்று சொல்லிவிட்டு அவள் நகராமல் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், ஐந்தாம் நம்பர் எப்போது கட்டி முடிக்கும் என்று பார்க்க.