திரை மூடிய குரூப் போட்டோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாகத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். மாமியாரோடு போட்ட சண்டை, வீட்டுக்காரரின் குறட்டை, பத்தாவதில் நான் கணக்கில் கோட்டை விட்டது... எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் உங்களிடம் கொட்டியாகிவிட்டது. இது மட்டும் தொண்டையிலேயே நின்றது. காரணம் — பயம்.

திருப்பதியில் ஒரு ஓவிய மியூசியத்தில் நான் அட்டெண்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பெரிய ஹாலில் ஆள் உயரத்துக்கு ஒரு பெருமாள் படம் இருக்கிறது. பழைய படம். வெயில் பட்டால் கலர் போய்விடும் என்று முன்னால் பச்சைத் திரை. பக்கத்துத் தூணில் கயிறு. காலையில் திரையைத் திறப்பதும் சாயங்காலம் மூடுவதும் முனிரத்தினம் அண்ணன் வேலை. கங்காதர நெல்லூர்க்காரர். எனக்கு சீனியர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் டிரஸ்டிகளும் பெரிய ஆபீசர்களும் சேர்ந்து குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்துக்கு முன்னால் இரண்டு வரிசை. முன் வரிசை நாற்காலியில், பின் வரிசை நின்றபடி. நடுவில் சேர்மன்.

நான் தூண் ஓரமாகக் காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன். பார்க்கிறேன் — பதினாலு பேரும் பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! அதுவும் செருப்பும் ஷூவுமாக!

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சன்னதியை விட்டு வரும்போதுகூட முதுகைக் காட்டாமல் நாலடி பின்னாலேயே நடந்து வருகிறவள் நான். இந்தப் பாவம் யார் தலையில் விடியும்? சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற என் தலையிலும்தானே?

கோயிலில் நைவேத்தியத்தின்போது திரை போடுவார்கள் இல்லையா? திரை விழுந்துவிட்டால் தரிசனம் கிடையாது. அப்போது யார் எந்தப் பக்கம் திரும்பி இருந்தாலும் குற்றமில்லை... என் புத்தி அப்படித்தான் ஓடியது.

முனிரத்தினம் அண்ணன் ஸ்டூல் கொண்டுவர வெளியே போயிருந்தார். போட்டோகிராபர் "ரெடி சார்" என்றார். கயிற்றை இழுத்தேன். திரை மூடியது. அவர் "தேங்க்ஸ் சார்" என்றதும் மறுபடி திறந்துவிட்டேன். எல்லோரும் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் தெரியாது.

பத்து நாளில் போட்டோ வந்தது. பதினாலு பேர். பின்னால் — பெருமாள் இல்லை. வெறும் பச்சைத் திரை.

சேர்மன் எங்களைக் கூப்பிட்டார். "எவரு மூசாரு இதி?" யார் மூடியது என்று தெலுங்கில் ஒரு கத்தல். போட்டோகிராபரோ போனில், "யாரும் கண்ண மூடிடக் கூடாதேன்னு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன் சார். திரை இருந்துச்சு, அது உங்க ஏற்பாடுன்னு நெனச்சுக்கினேன்" என்று கழன்றுகொண்டார்.

கயிறு முனிரத்தினம் அண்ணன் பொறுப்பு.

"நான் அப்போ அங்க இல்ல சார். ஸ்டூலு எடுத்தாரப் போயிருந்தேன்."

"டியூட்டியை விட்டுட்டுப் போனியா? ரேபட்னுஞ்சி ராவத்து!"

நாளையிலிருந்து வராதே. அவ்வளவுதான், வேலை போயிற்று.

'நான்தான் சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்காரர் கால் ஒடிந்து படுக்கையில் கிடந்த நேரம் அது. அண்ணனுக்கோ கல்யாண வயதில் இரண்டு பெண்கள். தெரியும் எனக்கு. தெரிந்தும் வாய் வரவில்லை.

அப்போதுதான் ரூமில் இருந்த ஒரு டிரஸ்டி அம்மா போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நாம உட்காரும்போது திரை திறந்திருந்துச்சு. எழுந்தப்பவும் திறந்திருந்துச்சு. நடுவுல யாரு மூடினது? செருப்புக் காலோட முதுகக் காட்டினோம்... பெருமாளே மூடிக்கிட்டாரு!"

சேர்மன் மெல்லக் குனிந்தார். ஷூ லேசை அவிழ்த்தார்.

அண்ணன் வேலை தப்பியது. அந்த வாரமே குடும்பத்தோடு திருமலைக்கு நடந்தே ஏறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். "அவருதாம்மா என்னக் காப்பாத்தினாரு" என்று லட்டைப் பிட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அந்தப் படத்தின் கண்களை நான் நேராகப் பார்த்ததில்லை. மனுஷருக்குப் பயந்து பெருமாள் பேரில் பொய்யை ஏற்றிவிட்டேனே? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், விளக்கு சட்டென்று அணைந்தாலும், 'அதற்குத்தானோ?' என்று தோன்றும்.

போட்டோவை ஹாலில் மாட்டினார்கள். ஜனங்கள் அதற்குப் பூ வைக்க ஆரம்பித்தார்கள். போன வாரம் வாசகி ஒருவர் அந்தக் கதையை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்! அதில் மணி தானாக அடிக்கிறது, கேமரா வெடிக்கிறது. கடைசியில் — 'நம்பாதவர் குடும்பம் விளங்காது. பதினோரு பேருக்கு அனுப்பவும்.' கூடவே, 'உங்க பக்கத்தில் போடுங்க அக்கா.'

நேராக அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "அப்போ என் முடி?"

"மன்னிச்சிடுங்கண்ணா."

"என்னுது போவட்டும். வீட்ல அவ இடுப்பு வரைக்கும் இருந்த முடியக் குடுத்தாளே... அத்தப் போயி திருப்பிக் கேக்கவா முடியும்?" சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னிக்கி என் பொண்ணுங்க தெருவுல நின்னிருக்கும். நீ பாத்துக்கினே இருந்த. இல்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சேர்மன் கிட்ட சொல்லப் போறியா?"

"எழுதப் போறேன்."

"வேல பூடும், தெரியுமா?"

தெரியும். சேர்மனுக்குத் தமிழ் படிக்க வராது. படித்துச் சொல்ல ஆபீசில் நாலு பேர் இருக்கிறார்கள். இதை எழுதும்போதே வேலை போய்விடுமோ என்று பயம். பெருமாள் என்ன நினைப்பாரோ, அது அதைவிடப் பெரிய பயம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை யாருக்காவது சொன்னால் மணி, வெடி, சாபம் எதையும் சேர்க்காதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கயிற்றை இழுத்தது ஒரு பொம்பளை. பழி அடுத்தவர் மேல் விழுந்தபோது அவள் பக்கத்திலேயே பேசாமல் நின்றிருந்தாள் — அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.