தோட்டா பெல்ட்டும் ஒரு கிரைண்டரும்

ஈரத்தோலின் வீச்சமும், தோலை ஒட்டுகிற "சொல்யூஷன்" பசையின் நெடியும் கலந்து அறைக்குள் வந்தால், அக்கா வேலை முடிந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம். முகம் கழுவி, சுடிதாரை மாற்றிக்கொண்ட பிறகும் அந்த நெடி அவளை விட்டுப் போகாது. ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டி, ஒரே வரிசையாகச் சேர்த்துக் கட்டிய "லைன் வீடு" ஒன்றில் அப்போது குடியிருந்தோம். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் பிழைக்க வழியில்லாமல் போனபின், ஊர்க்காரர் ஒருவரை நம்பி ஓசூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அந்த ஊர்க்காரர் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பாவுக்கு அவர் "அண்ணாச்சி", எங்களுக்குப் "பெரியப்பா". பத்தாம் வகுப்பு முடித்த கையோடு மலர் அக்காவை, வயதைக் கூட்டிச் சொல்லி, அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் "தோட்டா பெல்ட்" அந்தக் கம்பெனியின் சரக்கு. அகலமான தோல்பட்டை, அதன்மேல் வரிசையாகச் சின்ன வளையங்கள், வளையத்துக்கு ஒரு தோட்டா. நனைத்த தோல்துண்டைத் தோட்டாப் பருமனுள்ள மரக்கட்டையின் மேல் வளைத்து இறுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் தையல் ஓடவிட வேண்டும். தோல் காய்ந்த பிறகு கட்டையை உருவினால் வளையம் அப்படியே நிற்கும். அக்கா நிஜத் தோட்டா எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் கழித்துப்போட்ட பெல்ட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குக் கட்டிவிட்டு, "ஓடுனாலும் தோட்டா விழக்கூடாது, இழுத்தா டக்குனு கைக்கு வரணும், அதுதான் கணக்கு" என்று பெருமையாகச் சொன்னாள்.

"அதைக் கட்டிக்கிட்டு என்னத்தைச் சுடுவாக?" என்று அம்மா கேட்டாள்.

"மான், பன்னி, வாத்து, எல்லாந்தான்."

"திங்கவா?"

"இல்லியாம்மா. வெளையாட்டாம்."

அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒருமுறைதான்.

அடுத்த மாசியில் அது நடந்தது. கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அவசரம். தோலை அச்சு வைத்து வெட்டும் "பிரஸ்" மெஷின்காரர் அன்று வரவில்லை. அதைத் தொடுவதற்குப் பெண்பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது என்றாலும், பெரியப்பா அக்காவைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்தினார். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும்படி செய்யப்பட்ட மெஷின் அது. கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. வேலை வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு பொத்தானை எப்போதோ தோல்வாரால் இறுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். அக்கா இடது கையால் தோலை நகர்த்திக்கொண்டே வலது கையால் அழுத்தியிருக்கிறாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

பக்கத்து மெஷினில் இருந்த வேப்பனப்பள்ளிப் பெண் ஒருத்திதான் பிறகு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனதும் அச்சைத் துடைத்துவிட்டு வேறொருவரை நிறுத்தினார்களாம். அன்று சாயங்காலம் லாரி கிளம்பிவிட்டதாம்.

அக்காவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார். அப்பாவை வராந்தாவுக்கு அழைத்துப் போய்த் தோளில் கைபோட்டுப் பேசினார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புள்ளைக்கு வயசு பத்தலைன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேஸுன்னு போனா, பொய் சொல்லி அனுப்புன ஒங்களத்தான் மொதல்ல கேப்பாக. வீட்டுல கிரைண்டர்ல கை மாட்டிருச்சுன்னு சொல்லிருங்க. ஆஸ்பத்திரி செலவு கம்பெனி பாத்துக்கும். ஒங்களுக்குக் கேட்டுல வாட்ச்மேன் வேலைக்கு நான் பேசுறேன்."

அப்பா கும்பிட்டார். கையை ஓங்குவார், திட்டுவார், அழுவார் என்றெல்லாம் நான் நினைத்திருக்க வேண்டும். கும்பிட்டதுதான் எனக்குப் புரியவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்ததும் லைனில் இருந்தவர்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். அப்பாதான் வந்தவர்களிடமெல்லாம் கிரைண்டர் கதையைச் சொன்னார். வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்: "ஏனம்மா இது, நிம்ம மனேலி கிரைண்டரே இல்வல்லா? நீங்க என் வீட்லதானே மாவு ஆட்றீங்க? எந்த கிரைண்டர்ல சிக்கிச்சு?"

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அம்மா அதைத் தூக்காமலே வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

இந்தப் பேச்சு எப்படியோ கம்பெனிக்கு எட்டியிருக்கிறது. இரண்டொரு நாளில் ஒரு லோடு ஆட்டோ வந்து எங்கள் வாசலில் நின்றது. அதில் ஒரு பழைய கிரைண்டர். கல் தேய்ந்து, பச்சைப் பெயின்ட் உரிந்து, யாருடைய வீட்டிலோ பல வருஷம் ஓடியது. கூடவே வந்த பெரியப்பா, "அடிக்கடி ரிப்பேருக்குப் போற கிரைண்டர், கை மாட்டுனதும் திரும்பப் போயிருந்துச்சுன்னு சொல்லிருங்க" என்றார். பொய் சொல்ல வைத்தது போதாதென்று, அந்தப் பொய்க்கு ஒரு சாட்சியையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா அதைத் தொடவில்லை. ஒரு பழைய புடவையைப் போட்டு மூடிவைத்தாள். "அதுல ஆட்டுன மாவு எந்தொண்டையில எறங்காது" என்றாள். வீட்டுக்கார அம்மாவிடமும் இனி மாவாட்டப் போக முடியாது. ஒரு வாரம் போல வெறும் சோறும் ரசமுமாக ஓடியது. அப்பா பொறுக்க முடியாமல், "சும்மா வச்சிருந்தா பாக்குறவுக என்ன நெனைப்பாக?" என்று கத்தினார். அம்மாவும் கத்தினாள். லைன் முழுக்கக் கேட்டிருக்கும்.

அப்போது மூலையில் படுத்திருந்த அக்கா எழுந்தாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அரிசியையும் உளுந்தையும் களைந்து ஊறவைத்தாள். சாயங்காலம் புடவையை விலக்கி, கல்லைக் கழுவி, ஊறியதைப் போட்டு, சுவிட்சைத் தட்டினாள். கடகடவென்று அறையே அதிர்ந்தது. அம்மா ஓடிவந்து நிறுத்தப்போனாள்.

"ஓடட்டும்மா. சத்தம் கேட்டாத்தான் எல்லாரும் நம்புவாக" என்றாள் அக்கா.

மறுநாள் இட்லி. யாரும் தொடமாட்டோம் என்றுதான் நினைத்தேன். பசியில் எல்லோரும் சாப்பிட்டோம், அம்மா உட்பட. இட்லி நன்றாகவே இருந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் நாக்கில் கசப்பது அதுதான்.

அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மகளின் விரலைத் தின்ற இடத்தின் வாசலில், உள்ளே போகிற பிள்ளைகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு, கம்பெனியை மூடும்வரை காக்கிச் சட்டையோடு நின்றார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அக்காவைச் சிங்காரப்பேட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தில், இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் நல்லவர். அவருக்கும் கிரைண்டர் கதைதான் சொல்லப்பட்டது.

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். லைன் வீடுகளும் இல்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவர் சாவுக்குப் போய் மாலை போட்டுவந்த அப்பாவும் மறுவருஷம் போனார், அடுத்து அம்மா. முதலாளி யார் என்பது அன்றைக்கே எங்களுக்குத் தெரியாது.

போன மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகள் அவள் இடது கையைப் பிடித்துப் பார்த்து, "பெரியம்மா, விரல் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கிரைண்டர்ல மாட்டிருச்சு கண்ணு" என்றாள்.

மகள் விளையாடப் போன பிறகு எனக்குத் தாங்கவில்லை. "இன்னும் எதுக்குக்கா அதையே சொல்ற? உண்மையைச் சொன்னா இனி நம்மள யார் என்ன செய்யப்போறாங்க?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "சொல்லணும்னுதான்டி இருந்தேன், அவுகல்லாம் உசுரோட இருந்தப்ப. இனிமே யாருகிட்டப் போயிச் சொல்ல?"