தர்பாவுக்கு ஊட்டிய ரொட்டி

எங்கள் அகதி முகாமில் எனக்கு அடுத்த கூடாரம் நுகியாவுடையது. மேற்குச் சகாராவை விட்டு எங்கள் பெற்றோர் ஓடிவந்து தங்கிய இந்தக் கட்டாந்தரையில் எதுவும் விளையாது. லாரியில் வரும் கோதுமை மாவுதான் எங்கள் வயிற்றுப்பாடு.

நுகியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு சரியில்லை. எது தின்றாலும் வயிறு ஊதும், முறுக்கி வலிக்கும், உடனே வெளியே ஓட வேண்டும். எங்கள் ஜனங்களுக்குச் சதைபோட்ட பெண்தான் அழகி. இவளோ கல்யாணத்தன்றும் குச்சிபோல் இருந்தாள்.

"கெட்டியா புடிச்சுக்கடா லெஹ்பீப், காத்தடிச்சா பொண்டாட்டி பறந்துடுவா!" என்று மாப்பிள்ளையைச் சீண்டினார்கள். அவள் உடம்பைத் தேற்றுவதாக நினைத்து நாங்களும் ரொட்டியாகத் திணித்தோம்.

அவளுக்கு ஒரே மகள், தர்பா. தாய்ப்பால் மறந்தபின் அவளுக்கும் வயிறு பானைபோல் வீங்கியது, கைகால் சூம்பியது, பேதி நிற்கவேயில்லை. கண்ணேறு என்று தாயத்துக் கட்டினோம். நுகியா ரொட்டியை ஆட்டுப்பாலில் ஊறவைத்து, மடியில் போட்டுக் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாள்.

"இன்னும் ஒரே வாய்டி, என் கண்ணு. தின்னாத்தானே தேறுவே."

அந்தக் கோடையில் குழந்தை போய்விட்டது.

சில வருடம் கழித்து நுகியாவே மயங்கி விழுந்தாள். நான்தான் முகாம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சுவேல்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, கோதுமையிலயும் பார்லியிலயும் க்ளூட்டன்னு ஒண்ணு இருக்கு. அது உங்களுக்கு ஆகாது. இத்தனை வருஷமா குடலை அரிச்சிருக்கு. நம்ம ஜனங்கள்ல நிறைய பேருக்கு இது உண்டு. இனிமே ரொட்டியைத் தொடாதீங்க, அரிசி சாப்பிடுங்க."

நுகியா, "கொழந்தைக்கும் வருமா?" என்றாள்.

"வரும். வயிறு வீங்கும், கைகால் மெலியும்."

வழியில் அவள் அழவில்லை. வந்ததும் மாவுச் சாக்கை வெளியே இழுத்துத் தள்ளினாள். ஓடிவந்த லெஹ்பீபிடம் டாக்டர் சொன்னதை நான் சொன்னேன்.

"தர்பா வாயை மூடிக்கிட்டா. நான்தான் தொறந்து ஊட்டினேன்," என்றாள்.

"நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்," என்று சொல்லி அவன் சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அவள் அழுதாள்.

அரிசியில் அவள் வயிறு ஆறியது. விருந்துகளில் தன் கிண்ணத்தோடு தனியே உட்காருவாள். அரிசி வராத வாரங்களில் வெறும் பருப்புதான். முகாமில் எந்தக் குழந்தைக்கு வயிறு வீங்கினாலும் முதல் ஆளாகப் போய், தாயையும் பிள்ளையையும் டாக்டரிடம் இழுத்துப் போவாள். தர்பாவைப் பற்றி மட்டும் அவர்களிடம் வாய் திறப்பதில்லை.

"ஏன்டி சொல்லல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா, அந்தப் பெத்தவளும் இதுவரைக்கும் ஊட்டினதை எண்ண ஆரம்பிச்சுடுவாடி," என்றாள்.