ஆளில்லாமல் வந்த சைக்கிள்

என் பெரியப்பா ஒரு குதிரைப்படைத் தளபதி என்று இரண்டாம் வகுப்பில் நான் சொன்னபோது ஆசிரியை அதை மறுக்கவில்லை. குதிரையின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தத் தகவலை எனக்குத் தந்தவர் அப்பா. ஆகவே குதிரைகளுக்கும் அவர்தான் பொறுப்பு என்ற எண்ணத்தோடு வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன்.

"பேரோ? அதுகளுக்குப் பேரெல்லாம் வைக்கேல்லைப் பிள்ளை. ஆனா நல்ல குதிரையள். புல்லும் தின்னாது, கொள்ளும் தின்னாது. காத்து மட்டும் அடிச்சு விட்டாக் காணும்," என்றார் அப்பா.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். அந்தக் குதிரைகள் சைக்கிள்கள் என்பது விளங்க எனக்கு மேலும் ஓராண்டு தேவைப்பட்டது.

ஊரில் போர் நடந்த காலத்தில், பெற்றோல் இல்லாமல் வாகனங்களெல்லாம் ஓய்ந்து நின்ற ஆண்டுகளில், பெரியப்பா இயக்கத்தின் ஒரு சைக்கிள் அணிக்குப் பொறுப்பாக இருந்தார். காயப்பட்டவர்களைச் சண்டை நடக்கும் இடத்திலிருந்து குறுகிய ஒழுங்கைகள் வழியாக வைத்தியசாலைக்குக் கொண்டுவருவது அந்த அணியின் வேலை. காயப்பட்டவரைக் கரியரில் இருத்தி, ஓட்டுபவரின் முதுகோடு சேர்த்து இடுப்பில் உடுக்கும் ஒரு சாரத்தால் கட்டிவிடுவார்களாம். அப்பா அந்த அணியில் இருந்ததில்லை. அதற்கு முன்பே படிக்கவென்று நோர்வேக்கு வந்துவிட்டவர் அவர். தன் அண்ணனைப் பற்றி அவர் விட்ட பகிடிகள் எல்லாம் அந்த ஒரு காரணத்திலிருந்துதான் பிறந்தன என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரே குதிரைவீரன், ஓஸ்லோ அரண்மனைக்கு முன்னால் குதிரைமேல் அமர்ந்திருக்கும் பழைய அரசன். அந்தச் சிலைக்கும் பெரியப்பாவுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. பெரியப்பா குள்ளமானவர், மெல்லிய குரலில் கதைப்பவர், ஒரு பாடசாலையின் பராமரிப்பாளராக வேலை செய்தார். இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து மட்டுமே அவரிடம் ஓசை எழுப்பியது. ஆனாலும் அவருடைய பழைய ஆட்கள் அவரைப் பார்த்த விதம் வேறு. இருவர் ஓஸ்லோவிலேயே இருந்தார்கள். ஒருவர் பஸ் ஓட்டினார். மற்றவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். எனக்கு அவர்கள் பஸ் மாமா, இல்லத்து மாமா. பெரியப்பா வரும்போது இருவரும் எழுந்து நிற்பதில்லை, வணக்கமும் வைப்பதில்லை. இருந்தும் அவர் வாயைத் திறந்தால் பஸ் மாமாவின் பெரிய சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஒவ்வொரு கோடையிலும் ஒரு சனிக்கிழமை, பியோர்ண்டாலில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காட்டுப்பாதை வழியாக ஏரிக்கரைவரை எல்லோரும் சைக்கிளில் போவோம். அதற்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, பெரியப்பா கடைசியாக வருவார். இரண்டாவது, எல்லோரும் வந்து சேரும்வரை ஒருவரும் சைக்கிளை விட்டு இறங்கக் கூடாது. ஒரு காலை நிலத்தில் ஊன்றி அப்படியே நிற்க வேண்டும். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் பெரியப்பாவின் சைக்கிள் மணி. கடைசி ஆள் கண்ணில் படும்வரை அவர் அதை அடிக்கமாட்டார். முதலாவது சட்டம் எனக்கு வெட்கமாக இருந்தது. தளபதி என்றால் முன்னால் போகவேண்டாமா? பெரியப்பாவுக்கு வேகம் போதாது, அதை மறைக்கத்தான் மாமாமார் சட்டம் என்று சொல்லுகிறார்கள் என்று முடிவு செய்திருந்தேன். இரண்டாவது சட்டம் எனக்குப் பசியாக இருந்தது.

நான் சொல்லவந்த கோடையில் எனக்கு ஒன்பது வயது. அந்த முறை பேர்கன் நகரத்திலிருந்து இன்னொரு மாமா வந்திருந்தார். அணியிலேயே வயதில் சிறியவராக இருந்தவர். அங்கே ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை செய்தவர். அவர் ஆறு மாதமாகச் சிக்மெல்ட் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். வைத்தியர் எழுதித் தரும் சுகயீன விடுப்பை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவருக்குக் காய்ச்சலும் இல்லை, கட்டும் இல்லை. அவரைப் பற்றிய பேச்சு வந்ததும் அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். தனியே இருக்கவிடக் கூடாது என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பஸ் மாமாவும் இல்லத்து மாமாவும் முறைவைத்து அவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். பெரியப்பா ஒரே ஒரு தடவைதான் எடுத்தார். "சனிக்கிழமை ஓட்டம். வா," என்றார். பேர்கன் மாமா ரயிலேறி வந்துவிட்டார். அவருக்குச் சைக்கிள் இல்லாததால் அப்பா தன்னுடைய நீலச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு காரில் முன்னே போனார்.

நான் அன்று பஸ் மாமாவையும் அவருடைய இரண்டு மகன்களையும் முந்திக்கொண்டு முதலாவதாக ஏரிக்கரையை அடைந்தேன். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள். இல்லத்து மாமாவும் வந்து ஒரு காலை ஊன்றினார். பேர்கன் மாமாவும் பெரியப்பாவும் மட்டும் வரவேண்டியிருந்தது. அப்பா கிரில்லில் சொசேஜ்களை அடுக்கிவிட்டு, ரோல்ஸ் இருந்த பெட்டியைத் திறந்தார். அந்த மணத்துக்கு முன்னால் சைக்கிளில் நிற்பது கொடுமை.

"சண்டை முடிஞ்சுது, இறங்குங்கோ. ரோல்ஸ் ஆறுது," என்றார் அப்பா.

"நீர் காரில வந்தனீர் ஐசே. குதிரைப்படையின்ர சட்டம் உமக்கு விளங்காது," என்றார் பஸ் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "எடி, இறங்கினியெண்டா உன்ர பங்கு எனக்கு," என்றார்.

பகிடிகள் கொஞ்ச நேரம் ஓடின. பிறகு அவை குறைந்தன. பஸ் மாமா பாதையைப் பார்ப்பதும் இல்லத்து மாமாவைப் பார்ப்பதுமாக இருந்தார். பாதையின் ஒரு பக்கம் முழுவதும் ஏரி. நான் கோபத்தோடு இறங்கி என் சிவப்புச் சைக்கிளைப் புல்லில் கிடத்திவிட்டேன். என்னை ஒருவரும் ஏசவில்லை. அதுவே எனக்கு வியப்பாக இருந்தது.

அப்போதுதான் பெரியப்பா பிர்ச் மரங்களுக்கு இடையிலிருந்து வெளிப்பட்டார். மணி அடிக்கவில்லை. ஒரு கையால் தன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, மறு கையால் அப்பாவின் நீலச் சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்து, அதைத் தன்னோடு உருட்டிக்கொண்டு வந்தார். அதன் இருக்கை வெறுமையாக இருந்தது. வேர்கள் புடைத்திருந்த அந்தப் பாதையில் இரண்டு சைக்கிள்களும் பழகிய இரண்டு குதிரைகளைப் போல ஒன்றோடொன்று உரசாமல் வந்தன. பெரியப்பாவைத் தளபதி என்று நான் முழுமனதோடு நம்பிய முதல் கணம் அது. நான் கைதட்டினேன். பஸ் மாமாவின் மகன்களும் தட்டினார்கள்.

பெரியவர்கள் ஒருவரும் தட்டவில்லை. இல்லத்து மாமா மெதுவாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். "அண்ணை," என்றார் பஸ் மாமா.

அந்த அணியில் ஓட்டுபவர் இறந்துபோனால் அவருடைய சைக்கிளைத் திரும்பக் கொண்டுவருவது பெரியப்பாவின் வேலை. சைக்கிள்கள் குறைவு, ஒன்றையும் விட்டுவர முடியாது. ஒரு கையால் தன்னுடையதையும் மறு கையால் இறந்தவருடையதையும் பிடித்துக்கொண்டு அவர் ஒழுங்கையால் வருவார். காத்து நிற்பவர்கள் யார் இல்லை என்பதைச் சைக்கிளைப் பார்த்து அறிந்துகொள்வார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்பா இதை எனக்கு இரண்டே வாக்கியங்களில் சொன்னார்.

பெரியப்பா சைக்கிளை நிறுத்தினார். மாமாமாருடைய முகங்களைப் பார்த்தார். பிறகு நீலச் சைக்கிளைப் பிடித்திருந்த தன் கையை, அது வேறொருவருடையது என்பதுபோலப் பார்த்தார்.

"இல்லையடா. இல்லை. சங்கிலி அறுந்துபோச்சு. அவன் நடந்து வாறான்," என்றார்.

"தனியவோ?" என்று கேட்டார் இல்லத்து மாமா.

"ஓம். தனிய."

"அவனைத் தனிய விட்டிட்டு வந்தனீங்களோ அண்ணை? தண்ணிக் கரையில?" பஸ் மாமாவின் குரல் உயர்ந்திருந்தது. பெரியப்பாவிடம் யாரும் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

"கேட்டவன். ஆறு மாசமா எல்லாரும் எனக்குக் காவல் நிக்கிறியள், ஒருக்கா என்னைத் தனிய நடக்க விடுங்கோ அண்ணை, நான் வருவன் எண்டு கேட்டவன்." பெரியப்பா நீலச் சைக்கிளை ஒரு பைன் மரத்தில் சாய்த்தார். "வருவன் எண்டு சொன்னவன், வருவான்."

அவர் தன் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. பாதையைப் பார்த்தபடி ஒரு காலை ஊன்றி நின்றார். மணியின்மேல் கட்டைவிரலை வைத்திருந்தார். தேடிப்போவது எளிது, மாமாமார் இருவருடைய கால்களும் அதற்குத்தான் துடித்தன. ஆனால் ஒருவரும் அசையவில்லை. அவர் சொல்லிவிட்டார், அவர்கள் நின்றார்கள். அதைவிடப் பெரிய படை ஒன்றை நான் இன்றுவரை படித்த எந்த நூலிலும் சந்திக்கவில்லை.

அப்பா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். புல்லில் கிடந்த என் சிவப்புச் சைக்கிளை நிமிர்த்தி, அதன் இருபுறமும் காலைப் போட்டு, ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய முழங்கால்கள் ஹாண்டிலுக்கு மேலே நின்றன. நாங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தோம். கிரில்லில் சொசேஜ்கள் கருகத் தொடங்கின. திருப்பிப் போட யாரும் போகவில்லை. பெரியவர்கள் நால்வரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் பசியை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

பேர்கன் மாமா அவசரமில்லாமல் நடந்து வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றி, ஒரு கோப்பையைப்போல இரண்டு கைகளாலும் ஏந்தியிருந்தார். அதற்குள் பாதிக்கு மேல் நீலப்பழங்கள், பாதையோரப் புதர்களில் கோடையில் காய்ப்பவை. அவருடைய உதடுகளும் நீலமாக இருந்தன.

"ஏனடா, செத்தவீட்டில நிக்கிறமாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டார். பிறகு மரத்தில் சாய்த்திருந்த நீலச் சைக்கிளைக் கண்டார். பெரியப்பாவைப் பார்த்தார். கேள்விக்கான விடை அவருக்குக் கிடைத்துவிட்டது. தலைக்கவசத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையளுக்குப் பழம் பிடுங்கினனான், அண்ணை."

பெரியப்பா மணியை அடித்தார்.

எல்லோரும் இறங்கினார்கள். அப்பாவும் என் சைக்கிளிலிருந்து இறங்கினார். "நாயே, பழம் புடுங்கிற நேரமாடா இது!" என்று பஸ் மாமா பேர்கன் மாமாவை முதுகில் அறைந்தார், அறைந்த கையை எடுக்காமல் அப்படியே அவர் தோளில் முகத்தை வைத்து அழுதார். பஸ் மாமாவுக்கு இவ்வளவு பசியா என்று நான் எண்ணினேன். பெரியப்பா ஏரிக்கரைக்குப் போய், முகத்தைக் கழுவி, நெடுநேரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அவர் திரும்பி வந்தபோது பேர்கன் மாமா கருகாத சொசேஜாகத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஒருக்காத்தான் தனிய விடுவன். விளங்குதோ?" என்றார் பெரியப்பா.

"ஓம், அண்ணை."

சாப்பாடு முடிந்ததும் நான் பெரியப்பாவின் பக்கத்தில் போய் இருந்தேன். "பெரியப்பா, ஒரு கையால மற்றச் சைக்கிளைக் கொண்டுவந்தீங்களெல்லோ? இன்னொருக்காச் செய்து காட்டுங்கோ."

"அது வித்தையில்லைப் பிள்ளை."

"அப்ப எனக்குப் பழக்கிவிடுங்கோ."

"வேண்டாம்," என்றார். அவர் எனக்கு மறுத்த ஒரே விஷயம் அது. என் கை நிறையப் பழங்களை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அடுத்த கோடையில் பேர்கன் மாமா தன் சொந்தச் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்பைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். அன்று காட்டுப்பாதையின் ஏற்றத்தில் என் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கடைசியாக வரும் பெரியப்பா என் சைக்கிளையும் கொண்டுவர வேண்டும். என்னை ஏற்றிக்கொண்ட பேர்கன் மாமாவின் கரியரில் உட்கார்ந்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தால் அந்த வித்தையை மறுபடி காணலாம். ஆனால் பெரியப்பா தன் சைக்கிளை விட்டு இறங்கினார். இரண்டு சைக்கிள்களுக்கும் நடுவில் நின்று, கைக்கு ஒன்றாகப் பிடித்து, நடந்தே உருட்டத் தொடங்கினார். நாங்கள் ஏரிக்கரையில் வெகுநேரம் காலூன்றி நின்றோம். ஒரு வளைவுக்கு முன்னாலிருந்தே அவர் மணியை அடித்துக்கொண்டு வந்தார், விடாமல்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "பெரியப்பாவுக்கு வயசு போட்டுது அம்மா. ரெண்டு சைக்கிளைக் கொண்டுவர இப்ப நடக்கவேண்டிக் கிடக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தார். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் அப்பா, அன்று என் தலையில் கையை வைத்தார். பிறகு, "குதிரைக்குக் காத்து அடிக்கவேணும்," என்று சொல்லிவிட்டு அவசரமாகப் படியிறங்கிப் போனார். பம்ப் வாசற்கதவின் பின்னாலேயே இருந்தது. அதை எடுத்துப்போக மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் அதைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.