பூட்டுக்காரர் செய்த முட்டைப்பெட்டி

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூட்டுக்காரர் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சந்தைக்குள் நுழைகிற இடத்தில், செருப்புக் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே போகமுடிகிற கடை அவருடையது. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்கள் ஆள் அனுப்பினால் பையைத் தூக்கிக்கொண்டு போவார். காதைப் பூட்டோடு ஒட்டிவைத்து, கம்பியை உள்ளே விட்டு, தூங்குகிற பிள்ளையைத் தொடுவது மாதிரி திருப்புவார். திறந்துகொண்டதும் கதவைத் தள்ளமாட்டார். திரும்பித் தெருவைப் பார்த்து நின்றுவிடுவார். அடுத்தவர் வீட்டு உள்ளறையைத் தன் கண் பார்த்ததில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. சொந்த வீட்டு அடுப்படியையும் அவர் அவ்வளவாகப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம்.

நான் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். அலசி வருகிற படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதைப் பிடித்து மடிக்கிற வேலை. காலையில் போனால் வெயில் சாயும்போது வீடு. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவள் தொலைவில் இருக்கிறாள். மதியம் அவர் கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பப் போவார்.

அப்படியொரு தூக்கத்தில்தான் அது நடந்தது. ஏதோ நிழல் பட்டது போலிருக்கவே கண்ணைத் திறந்திருக்கிறார். அறைக்குள் ஓர் ஆள் நின்றான். அவசரமே இல்லாமல் அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தவன், இவர் விழித்ததைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். இவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். அடியில்லை, மிரட்டலில்லை. என் வளையல்களையும் அவருடைய வேலைப் பையையும் எடுத்துக்கொண்டு அவன் பின்கதவு வழியாகப் போய்விட்டான். நான் வேலை முடிந்து வந்தபோதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. "போயிட்டானா?" என்று மட்டும் கேட்டார். பின்கதவில் அவர் தன் கையாலேயே பொருத்திய பூட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் திறந்துகிடந்தது.

தெரு சும்மா இருக்குமா? பூட்டுக்காரன் வீட்டுப் பூட்டையே ஒருத்தன் திறந்துவிட்டான் என்று கொஞ்சநாள் வாய்க்கு அவல் கிடைத்தது. சிரித்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சிரிப்பாவது ஓய்ந்தது, இவருடைய பயம் ஓயவில்லை. முதலில் கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு தெருவில் இறங்குவதை. பின்கதவில் ஏற்கெனவே இருந்த தாழ்ப்பாளுக்கு மேலும் கீழும் புதிய தாழ்ப்பாள்கள், குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, பட்டையின் முனையில் ஒரு பூட்டு. கட்டிலைப் படுக்கையறையிலிருந்து இழுத்துவந்து முன்னறையில் போட்டார். கடைசியில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகச் சொன்னார். ஊரில் எல்லாரும் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள், நான் புருஷனைப் பூட்டிவிட்டுப் போனேன்.

குழாயும் துவைக்கிற கல்லும் கொல்லையில் இருந்தன. நான் வாளியோடு வெளியே கால் வைத்ததும் பின்னால் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழும். துவைத்து முடித்துக் கதவைத் தட்டுவேன்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"ம்ம், ஊரான் பொண்டாட்டி. தெறங்க."

வாய்தான் இப்படிப் பேசியது. அந்தக் கொல்லையில் தனியாகக் குனிந்து துவைக்கும்போது எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். மதிலுக்கு மேலே ஒரு தலை தெரியப்போகிறது, தட்டினால் இவர் திறக்கப்போவதில்லை என்றே தோன்றும். பாதித் துணியை அலசாமலே பிழிந்துகொண்டு வந்திருக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டால் உலை யார் வைப்பது? பயப்படுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்தது தைரியம், அது என் தலையில் விழுந்தது.

கோழி யோசனையைச் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், முக்கால்வாசி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்காவுக்குக் கோழிகள்தான் துணை.

"மூணு பொட்டைக்குஞ்சு தரேன், கொண்டுபோய் விடு. அதுங்க பின்னாடி ஓட ஆரம்பிச்சா மனுஷன் தானா வெளிய வருவாரு பாரு" என்றார்.

குஞ்சுகள் வந்தன. இவர் வெளியே வரவில்லை. ஆனால் அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கம்பி வழியாகக் கொல்லையைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அவை பஞ்சுப் பொதி மாதிரி இருந்த காலம் போய், கால் நீண்டு, கழுத்து நீண்டு, பார்க்கச் சகிக்காத வயதைத் தாண்டி, மினுமினுப்பான விடைக்கோழிகளாக நின்றன. கறுப்பி, செம்பி, புள்ளி என்று பெயரும் வைத்தார். இனி முட்டையிட வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் காத்திருப்பு வீட்டைப் பிடித்துக்கொண்டது. கொண்டையும் முகமும் சிவக்க வேண்டும், முதுகில் கை வைத்தால் இறக்கையை விரித்துப் பதுங்க வேண்டும், தொண்டைக்குள்ளேயே ஒரு மாதிரி கேறிக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் இடம் தேட வேண்டும் என்று அக்கா அடையாளம் சொல்லியிருந்தார். நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் இவர் செய்தி வாசிப்பார்.

"கறுப்பிக்குக் கொண்டை நல்லாச் சிவந்துடுச்சு. செம்பிக்கு இன்னும் வெளுப்பாவே இருக்கு."

"நீங்களே போய்த் தொட்டுப் பாருங்களேன்."

"இங்கேருந்தே தெரியுது."

மறுநாள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். "மதில் மேல ஒரு பூனை உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கு. முட்டையிட உக்காந்தா கோழியால அசைய முடியாதுல்ல? அப்பப் பாத்துப் பாஞ்சா?" நான் என்ன பதில் சொன்னாலும் அவருடைய பயத்துக்கு அதைவிடப் பெரிய வாய் இருந்தது. ராத்திரிக்குக் கூண்டு இருக்கிறதே என்றால், பகலில் என்ன செய்வாய் என்பார்.

ஒருநாள் என்னிடம் பலகையும் ஆணியும் கேட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பின்கதவுக்குத் தாழ்ப்பாள்களை அடித்து முடித்த பிறகு அவர் அரத்தைக் கையில் எடுத்ததே இல்லை. கடைக்குப் போய்ப் பழைய கருவிகளைத் துழாவி எடுத்துவந்து கொடுத்தேன். முன்னறையில் உட்கார்ந்து முட்டைப்பெட்டி செய்தார். எப்பேர்ப்பட்ட பெட்டி! வாசலில் தூக்கி நிறுத்திய ஒரு குட்டிக் கதவு. கோழி உள்ளே காலை வைத்ததும் அடிப்பலகை இம்மியளவு தாழும். கதவு பின்னால் வழுக்கி இறங்கும், கொக்கி 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து வளையத்தை இழுத்தால்தான் திறக்கும்.

"இனிமே எந்தப் பூனையும் கிட்ட வராது" என்றார். வெகுகாலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு களை.

நான் கையை உள்ளே விட்டு அழுத்திப் பார்த்தேன். டக். அழகான சத்தம். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உள்ளே போகிற கோழி எப்படி வெளியே வரும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, ஜன்னலுக்கு எதிரே மதிலோரமாக நான்தான் கொண்டுபோய் வைத்தேன். கோழிகள் அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

பெட்டி செய்து முடித்ததும் பழைய மனிதர் திரும்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். கையில் வேலை இல்லாமல் போனதும் பயம் இரண்டு மடங்காகத் திரும்பியது. அன்று காலை நான் செருப்பை மாட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்குப் போகாத."

"லீவு போட முடியாதுங்க."

"இன்னிக்கு மட்டும் இல்ல. வேலைக்கே போகாத. ரெண்டு பேருமா உள்ள இருந்துக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடை போயிற்று, தெரு போயிற்று, கொல்லை போயிற்று, அடுத்து என் முறை என்று புரிந்தது. இதற்கு ஒத்துக்கொண்டால் இந்த வீட்டிலிருந்து இனி யாருமே வெளியே போகமாட்டார்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வெளியே வந்து, பூட்டினேன். பூட்டும்போது உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அழுதிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று உருளைக்குள் ஒரு விரிப்பைக் கோணலாக விட்டுச் சிக்கவைத்தேன். மேற்பார்வைக்காரம்மா வந்து திட்டினார். காதில் ஏறவில்லை. பூட்டிய வீட்டுக்குள் அவர் தன்னை என்ன செய்துகொள்வாரோ என்ற எண்ணம் வந்துவிட்டது. வந்த பிறகு போகமாட்டேன் என்றது. அரம் வீட்டில் இருக்கிறது, கத்தி இருக்கிறது, கயிறு இருக்கிறது. அரத்தை நானே எடுத்துவந்து கொடுத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் பேருந்துக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

வாசல் பூட்டு, நான் பூட்டியபடியே தொங்கியது. திறந்தேன். கட்டில் காலி. "என்னங்க" என்றேன். இன்னும் ஓரடி வைத்தபோது அடுப்படித் தரையில் கதவகலத்துக்கு வெயில் விழுந்திருப்பதைப் பார்த்தேன். அந்தத் திருட்டுக்குப் பிறகு அந்தத் தரையில் அப்படி வெயில் விழுந்ததில்லை. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. இரும்புப் பட்டை கீழே கிடந்தது.

வந்துவிட்டான் என்று நினைத்தேன். அதே ஆள். உதட்டில் விரலை வைத்தவன். அடுப்படிக்குள் போய்ப் பார்க்க வேண்டியவள், தெருக்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூச்சுவிடவும் பயந்து நின்றேன். அவர் உள்ளே எங்காவது செத்துக்கிடந்தால்கூட அந்த நேரத்தில் ஓரடி எடுத்து வைத்திருக்கமாட்டேன். இத்தனை நாள் அவர் பட்டது இதுதானா என்று அப்போதுதான் உறைத்தது. நான் வேறு, ஊரான் பொண்டாட்டி என்று வேடிக்கை பேசிக்கொண்டிருந்தேன்.

கொல்லையிலிருந்து யாரோ பேசுவது கேட்டது.

"அவ்வளவுதான், அவ்வளவுதான். இனிமே இல்ல. தப்பு என்னோடது, கண்ணு."

அவர் குரல். சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிவரை போனேன். அவர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியின் குட்டிக் கதவு பிய்ந்து ஒரு பக்கம் கிடந்தது. மடியில் கறுப்பி, இறகெல்லாம் கலைந்து, வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய முழங்கை சிராய்த்து ரத்தம் கட்டியிருந்தது.

என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "மத்தியானத்துக்கு மேல உள்ள போனா. டக்குன்னு விழுந்துடுச்சு. கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தா. அப்புறம் கொக்கரிச்சா, வெளிய வரப் பாத்தா, முடியல. ரெக்கையைப் போட்டு அடிக்கிறா, கத்துறா, பெட்டியே ஆடுது. மதில்லேருந்து அந்தப் பூனை வேற எறங்கிடுச்சு. ஜன்னல்ல நின்னு நானும் கத்துறேன். அக்கா வீட்டுல யாரும் இல்ல. யாரும் வரல. நான் போட்ட கொக்கி. நான்தான எடுக்கணும்? பட்டைப் பூட்டோட சாவி எங்க வெச்சேன்னு வேற தெரியல. கம்பியை விட்டுத் தெறந்தேன். பெட்டி வளையம் சிக்கிக்கிச்சு, கதவையே பிச்சு எடுத்தேன்."

தன் பூட்டைத் தானே கம்பி விட்டுத் திறந்த கதையைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து எதையோ பத்திரமாக எடுத்து நீட்டினார். முட்டை. கோலிகுண்டுக்கு அண்ணன் அளவுதான் இருந்தது. ஓட்டில் மெல்லிய ரத்தக் கோடு ஒன்று ஓடியது.

"வா, வந்து வாங்கிக்க."

அவர் இருந்த இடம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். தினமும் நான் வாளியோடு போகிற இடம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு காலை வெளியே வைக்கப் பார்த்தேன். முடியவில்லை. மதிலைப் பார்த்தேன், மதிலோரத்தைப் பார்த்தேன், எனக்குப் பின்னால் இருந்த இருட்டு அறையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்களே கொண்டாங்க" என்றேன். சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரியாததா? கறுப்பியை இறக்கிவிட்டு எழுந்து வந்தார். முட்டையை என் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் என் கையை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

அந்தத் திருட்டு நடந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"ஆமா" என்றேன். "ரொம்ப."

"சரி" என்று சொல்லிவிட்டு, நிலைப்படியில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, முட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை அழுதேன்.